ஓதம் ஏறிய சுவருக்குத் தேக்குப் பலகை: பள்ளத்தூர் வீட்டு வேலைக் குறிப்பு

செட்டிநாட்டு வீட்டில் சுவருக்குப் பலகை போடப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி "எதுக்கு?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். இங்கே மரம் தூணில் இருக்கும், நிலையில் இருக்கும், உத்திரத்தில் இருக்கும், தலைக்கு மேல் மச்சுப் பலகையாக இருக்கும். சுவருக்கு மரம் தேவைப்பட்டதில்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு, தலைமுறைகள் தாண்டியும் கை வைத்தால் வழுக்கும். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். அடிச்சுவர் அழுக்காகக் கூடாது என்று நினைத்த வசதிக்காரர்கள் ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பூப்போட்ட பீங்கான் ஓடுகளை வரவழைத்து ஒட்டினார்கள். அதனால் நல்ல பூச்சு இருக்கிற சுவரில் பலகை அடிப்பது அநியாயம் என்பதுதான் என் கட்சியும்.

எங்கள் வீட்டில் பிரச்சினை ஒரே ஒரு சுவர். இரண்டாம் கட்டு, அதாவது வீட்டின் இரண்டாவது உள்பகுதி, அதை ஒட்டிய அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றடி. மற்ற மூன்று சுவர்களிலும் பழைய பூச்சு அப்படியே இருக்கிறது. இந்தச் சுவரில் மட்டும் தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, எப்போதோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். அதற்கு மேல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் பொரிந்து உதிர்ந்துவிடும். சுவரோரம் போட்ட பாயில் காலையில் வெள்ளை மாவாக உப்பு கிடக்கும்.

காரணம் புரியாத விஷயம் இல்லை. கிணற்றடியில் கொட்டும் தண்ணீர் சுவரோரம் தேங்கி, அஸ்திவாரம் வழியாகச் செங்கலுக்குள் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் பூச்சின் வழியே ஆவியாகப் போய்விடும்; கொஞ்சம் உப்பு பூக்கும், துடைத்துவிடலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைத்த ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே இருக்கும் நல்ல பூச்சையும் தின்னத் தொடங்குகிறது. எங்கள் சுவரில் அந்தக் கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் பழைய பூச்சு உப்பலாக எழும்பியிருந்தது. தட்டினால் பொத்தல் சத்தம் வந்தது.

சரி, சிமென்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினால் போதாதா? போதும். ஆனால் இந்தக் காலத்தில் பூசும் சுண்ணாம்பு, பக்கத்துச் சுவர்களின் மெருகுக்கு அருகே நிற்காது. அந்தப் பூச்சுக்குக் கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் கீழே மூன்று அடி மட்டும் தனியாகத் தெரியும். அதோடு அந்த அறை இப்போது புத்தகமும் மேஜையும் போட்டு உட்காரும் அறை. நாற்காலி சாயும், பிள்ளைகள் கால் வைப்பார்கள். எனவே அடிச்சுவர் உயரத்துக்கு மரப்பலகை என்று முடிவானது. ஆத்தா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "அந்த மூணு சுவத்துலயும் ஒரு ஆணி இறங்கக் கூடாது." இறங்கவில்லை.

கடையில் போய்க் கேட்டால் வேறு உலகம். வரிவரியாகக் குழிந்த எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பேனல், பிளாஸ்டிக் பேனல், பிளைவுட் மேல் வினீர் என்னும் மெல்லிய மரத்தகடு என்று பெரிய புத்தகமாக மாதிரிகள் காட்டுகிறார்கள். மாடியில், காய்ந்த சுவரில், அடுக்குமாடி வீட்டில் அவை நன்றாகவே இருக்கும். நான் குறை சொல்லவில்லை. ஓதம் ஏறும் தரைத்தளச் சுவரில் எம்டிஎஃப் பஞ்சாக ஊறிவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சுவரோடு ஒட்டி அடித்தால் சிமென்ட் செய்த அதே வேலையை அதுவும் செய்யும்: ஈரத்தை அடைத்து மேலே தள்ளும். போதாததற்குப் பின்னால் இருட்டும் ஈரமும் கிடைத்தால் கரையான் குடும்பத்தோடு வந்துவிடும். பிளாஸ்டிக்கைக் கரையான் தின்னாது, பின்னால் அதைத் தாங்கும் ரீப்பரை, அதாவது மரப்பட்டையைத் தின்னும்.

ஆகவே நான் ஆசாரியிடம் கேட்டது ஒன்றுதான். பலகை சுவரைத் தொடக் கூடாது. பின்னால் காற்று ஓட வேண்டும். வேண்டும்போது கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். தேவகோட்டைப் பக்கத்து ஆள், கதவு நிலை வேலையில் கைதேர்ந்தவர். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துவிட்டு, "அப்ப இது சுவர் வேலை இல்ல தம்பி, கதவு வேலை. கதவைச் செஞ்சு சுவத்துல மாட்டிரலாம்" என்றார். முழு வேலையும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நடந்தது.

மரத்துக்கு முன்னால் தண்ணீர். கிணற்றடித் தளத்தை உடைத்துச் சரிவை மாற்றினோம். முன்பு சுவரை நோக்கி ஓடிய தண்ணீர் இப்போது தோட்டத்துப் பக்கம் போகிறது. இதைச் செய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் வீண். அப்புறம் சிமென்ட் பூச்சை மெதுவாகக் கொத்தி எடுத்தோம். பெரிய சுத்தியலும் டிரில்லும் வேண்டாம். பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், சிமென்டோடு முகமே பெயர்ந்து வரும். சிறிய உளியைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நெம்பினால் தகடு தகடாக வருகிறது. வெளியே வந்த செங்கலில் உப்பு படிந்திருந்தது. அதைக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும்.

கோடை முழுக்க அந்தச் சுவர் அம்மணமாகவே நின்றது. தடித்த சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை. காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் இன்னும் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். உள்பக்கம் வியர்ப்பது நின்ற பிறகு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்து, மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசினோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கொத்தனார் சேர்த்தார். பலகைக்குப் பின்னால் மறையப் போகிற பூச்சுக்கு மெருகு தேவையில்லை, சொரசொரப்பாகவே விட்டோம். அதற்கு முன்பே சுவரோரம் தரையில் துளையிட்டுக் கரையான் மருந்தும் இறக்கியாகிவிட்டது.

இனி மரம். காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் என்றால் முனீஸ்வரன் கோயில் தெரு. தூண், நிலை, கதவு எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் அழகுப் பொருளுக்கான விலை சொல்வார்கள். அறுத்துப் பயன்படுத்தப் போகிறவர்கள் வீடு பிரிக்கும் இடத்தில் மச்சுப் பலகையோ கைமரமோ வாங்குவது நல்லது. நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய மரம். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதோடு அந்தக் காலம் முடிந்தது. பழைய வீடுகளில் இருக்கும் தேக்கு பெரும்பாலும் அதற்கு முந்தியது.

ஆனால் பழைய மரம் என்றாலே பர்மாத் தேக்கு என்று விற்பவர் எல்லாரும் சொல்வார்கள். சாயம் ஏறிய மருதும் அந்தப் பெயரில் வரும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். மேலே புகையும் எண்ணெயும் ஏறி எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். ஒரு மூலையை இழைக்கச் சொல்லுங்கள். தேக்கு என்றால் பொன் பழுப்பில் முகம் திறக்கும், பதப்படுத்திய தோலின் வாசம் மெல்ல எழும், விரலால் தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். மருது கனக்கும், அந்தப் பிசுக்கு இருக்காது. ஓரத்தில் வெள்ளை விழுந்த பகுதி எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையான் நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தை விட்டுவிடும், வெள்ளையை விடாது. நான் வாங்கிய பலகைகளில் சிலவற்றின் ஓரம் விரல் அகலத்துக்குச் சல்லடையாக இருந்தது. அதைக் கழித்துத்தான் அளவு போட்டோம். ஒரு சுவருக்கு நிகரமாக 3 கன அடி மரம் போதும், பழைய மரத்தில் 5 கன அடியாவது வாங்கினால்தான் ஒப்பேறும்.

மச்சுப் பலகையில் ஆணி இல்லாத இடமே கிடையாது. அறுவை மில்லில் முதல் கேள்வியே "ஆணி பார்த்தாச்சா?" என்பதுதான், ஒரு ஆணி பட்டால் வாள் போச்சு. காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் இழுத்துக்கொண்டே போனால் தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் இழுபடும். அங்கே சாக்பீஸ் குறி. ஆணியைப் பிடுங்கிய துளையைச் சுற்றிக் கறுப்புக் கறை இருக்கும், இரும்பு தேக்கைக் கறுப்பாக்கிவிடும். ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தொட்டு வைத்தால் கறை வெளுக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பிறகு நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். கறையை நான் பாதிதான் எடுத்தேன். மச்சில் இருந்த மரம் என்று தெரிந்தால் என்ன குடி முழுகிப் போகிறது?

பழைய பெயின்ட் ஒட்டியிருந்த பலகைகள் சிலவற்றைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடவில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தூசி மூச்சில் போகும், பிள்ளைகள் இருக்கும் வீடு. சுரண்டி எடுத்து, சுரண்டலைத் தாளில் கட்டிப் போட்டோம். தேக்குத் தூளும் மூக்கை அரிக்கும் ஒன்றுதான், முகமூடி கட்டாயம். தேக்கில் மணல் சத்து உண்டு என்பதால் இழைப்புளியின் வாய் சீக்கிரம் மழுங்கும். ஆசாரி வேலை செய்த நேரத்தில் பாதி நேரம் சாணைக்கல்லோடுதான் இருந்தார்.

அளவுக்கு வருவோம். சுவர் மூலைக்கு மூலை 13 அடி 3 அங்குலம். அறை உயரம் 13 அடி. சுவரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் பலகை என்று ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள்; அப்படிப் போட்டால் 4 அடி 4 அங்குலம் வரும். பக்கத்துச் சுவரின் சன்னல் 3 அடி 3 அங்குலத்தில் தொடங்குகிறது. பலகையின் தலை சன்னலின் இடுப்பில் போய் முட்டிக்கொண்டு நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. கணக்கை விட்டுவிட்டுச் சன்னல் மட்டத்தையே எடுத்துக்கொண்டோம். பழைய சிமென்ட் கோட்டையும் அது மூடிவிட்டது.

நீளத்தை நாலு தொகுதியாகப் பிரித்தோம், ஒவ்வொன்றிலும் மூன்று பலகை. இதில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. இரண்டு தொகுதி சேரும் இடத்தில் இரண்டு நெட்டுச்சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். எல்லாச் சட்டமும் 3 அங்குலம் என்றால் அங்கே மட்டும் 6 அங்குலமாகத் தடித்து, நாலு பெட்டியை வரிசையாக வைத்ததைப் போல் ஆகிவிடும். அதனால் சேரும் இடத்துச் சட்டங்களை மட்டும் ஒன்றரை ஒன்றரை அங்குலம் ஆக்கினோம். சேர்த்துப் பார்த்தால் எங்கும் 3 அங்குலமே தெரியும். மொத்தம் 13 நெட்டுச்சட்ட வரிசை, 39 அங்குலம். மீதி 120 அங்குலத்தில் 12 பலகை, ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிவது 10 அங்குலம். எங்கும் துண்டு விழவில்லை. மேல் குறுக்குச்சட்டம் 3 அங்குலம், கீழ்ச்சட்டம் 5 அங்குலம். கீழே கனமாக இருந்தால்தான் பார்வைக்கு நிற்கும். வீட்டின் பழைய கதவுகளை அளந்து பார்த்தால் அவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது ஆசாரி சொன்ன கதவு வேலை. சட்டங்கள் ஓர் அங்குலத் தடிப்பு. உள்விளிம்பில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி, அதாவது பலகையின் ஓரம் நுழையும் நீளப் பள்ளம். காடியின் அகலம் சட்டத் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. பலகை முக்கால் அங்குலம், அதன் நாலு ஓரத்தையும் சரிவாக இழைத்துக் காடிக்குள் போகும் அளவுக்கு மெலிதாக்கி, நடுவை மேடாக விட்டோம். வீட்டுக் கதவுகளில் இருக்கும் அதே முகம்.

காடிக்குள் பலகை சும்மா உட்கார வேண்டும். பசை ஒரு சொட்டுக்கூட அங்கே போகக் கூடாது. மரம் நீளவாக்கில் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். தேக்கு இதில் நல்ல பிள்ளை. அப்படியும் மரத்தின் ஈரம் 4, 5 சதவீதம் ஏறி இறங்கினால் பதினோரு அங்குலப் பலகை சுமார் 2 மி.மீ. கூடிக் குறையும். பசை போட்டுப் பூட்டினால் கோடையில் பலகை நடுவில் வெடிக்கும், மழையில் சட்டத்தின் மூட்டு திறக்கும். எங்கள் காடிக்குக் காடி உள்ளகலம் 11 அங்குலம், பலகையை 10¾ அங்குலத்துக்கு வெட்டினோம். சித்திரையில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பூட்டுவதால்தான் இவ்வளவு இடம். ஐப்பசியில் பூட்டுகிறவர்கள் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அப்போதே மரம் ஊதியிருக்கும். பலகை ஒரே பக்கமாக ஒதுங்காமல் இருக்க மேலும் கீழும் நடு மையத்தில் மட்டும் ஒவ்வொரு சின்ன மர ஆணி. இரண்டு பக்கமும் சமமாக அசையும்.

சட்டங்களின் மூட்டு கழுந்தும் துளையும்: ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு மற்றதன் துளைக்குள் போகும். இங்கே பசை உண்டு. ஆனால் பழைய தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்காது. ஒட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கழுந்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். முதல் நாளே துடைத்து வைத்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். மூட்டுக்கு மர ஆணி இறக்கியதுதான் நான் கண்கொட்டாமல் பார்த்த இடம். சட்டத்தில் போட்ட ஆணித்துளைக்கு நேராகக் கழுந்தில் துளை போடவில்லை ஆசாரி. ஒரு மி.மீ. அளவுக்கு மூட்டின் தோள் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் பக்கம் தள்ளிப் போட்டார். நுனி கூராக்கிய தேக்கு ஆணியைக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, நேர்ப்படாத இரண்டு துளைகளுக்குள் ஆணி வளைந்து இறங்க, கழுந்து உள்ளே இழுபட்டு மூட்டின் இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோடு மறைந்தது. கிளாம்ப் எதுவும் போடவில்லை. "பசை விட்டாலும் இது விடாது" என்றார். ரொம்பத் தள்ளினால் ஆணி முறியும், ரொம்பக் குறைத்தால் இழுக்காது. அந்த அளவைக் கையால்தான் பார்க்கிறார், ஸ்கேல் வைக்கவில்லை.

மாட்டும் முறை. ஒரு ரீப்பரை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் இரண்டு பட்டை கிடைக்கும். ஒன்றைச் சாய்வு மேல்நோக்கிச் சுவரில் அடிக்க வேண்டும். மற்றதைச் சாய்வு கீழ்நோக்கித் தொகுதியின் முதுகில். தொகுதியைத் தூக்கி மேலிருந்து இறக்கினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கனமே தன்னைச் சுவரோடு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு தொகுதி 12 கிலோ பக்கம் வரும்; இரண்டு பேர் தூக்கிக் கழற்ற ஒரு நிமிஷம் கூட ஆகாது.

சுவரில் போகும் பட்டையை ஒரே நீளமாக அடித்தால் பின்னால் மேலே ஏறும் காற்றை அது குறுக்கே மறித்துவிடும். 9 அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இடைவெளி விட்டு அடித்தோம். பழைய சுவர் நேராக இருக்காது. எங்கள் சுவரின் வயிறு நடுவில் அரை அங்குலம் முன்னே தள்ளியிருந்தது. மூலைக்கு மூலை நூல் கட்டி, பள்ளமான இடங்களில் பட்டைக்குப் பின்னால் தேக்குச் சில்லு வைத்து நிரவினோம். ஸ்க்ரூவுக்கு டிரில் போடும்போது சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுழல விட வேண்டும். செங்கலின் நடுவில் போட வேண்டும்; சுண்ணாம்புச் சாந்து இணைப்பில் போட்டால் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் பொடியில் நட்டது போல ஆடும். பூச்சு மூடுவதற்கு முன்பே செங்கல் வரிசையைப் படம் எடுத்து, அளவும் குறித்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

பலகையைத் தரை வரை கொண்டுவரவில்லை. ஆத்தங்குடி ஓடு போட்ட தரை, தினமும் ஈரத்துணி போடும் வீடு. நெட்டுச்சட்டத்தின் அடிமுனை தரையைத் தொட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் 4 அங்குலத்துக்குக் கடப்பாக்கல் பட்டி, அதற்கு மேல் அரை அங்குல இடைவெளி, அப்புறம்தான் மரம். காற்று அந்த இடைவெளியில் நுழைந்து ஓர் அங்குல ஆழமுள்ள பின்வெளியில் ஏறி, மேலே போகும். மேலே தலைப்பட்டியைச் சட்டத்தின் மேல் நேராக ஒட்டாமல் சின்னச் சின்ன மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். அந்தக் கோடு போன்ற இடுக்கு, முன்னால் தள்ளி நிற்கும் தலைப்பட்டியின் நிழலில் மறைந்துவிடும். மேலிருந்து தூசியும் விழாது. கீழும் மேலும் துருப்பிடிக்காத கம்பி வலை. இல்லையென்றால் கரப்பானும் செய்யானும் அந்த இடத்தை வாடகையில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

மின்சாரம் பற்றி ஒன்றே ஒன்று. இருந்த ஒரு பிளக் பாயின்டை உலோகப் பெட்டியோடு பலகையின் முகம் வரை முன்னால் கொண்டுவந்தோம். பெட்டியைப் பின்னால் சுவரிலேயே விட்டுவிட்டு மரத்தில் ஓட்டை மட்டும் போடுவது நெருப்புக்கு வைக்கும் அழைப்பு. வயர் குழாய்க்குள்தான் ஓட வேண்டும், பின்வெளி கிடைத்தது என்று சும்மா தொங்கவிடக் கூடாது.

பாலிஷ் விஷயத்தில் எனக்கும் ஆசாரிக்கும் கொஞ்சம் இழுபறி. அவர் பளபளவென்று பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் அடிக்கலாம் என்றார். பக்கத்துச் சுவரின் பூச்சு ஏற்கெனவே மின்னுகிறது; இரண்டும் மின்னினால் அறை நகைக்கடையாகிவிடும் என்றேன். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றார் ஆத்தா. அது காயாது, பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு உறையும். மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுத்து, காயவிட்டு, மறுபடி தடவி, கடைசியில் தேன்மெழுகு. பின்பக்கத்துக்கும் எண்ணெய் தடவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டால், ஒரு பக்கம் ஈரம் வேகமாக ஏறிப் பலகை குவிந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது சூடு கிளம்பும்; சுருட்டிய துணியில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். எங்கள் வீட்டுத் துணிகள் எல்லாம் கொடியில் விரித்துக் காய்ந்த பிறகே குப்பைக்குப் போயின.

மூலைகளில் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்கவில்லை. இரண்டு கோடியிலும் நெட்டுச்சட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே விட்டு, தொகுதியை நேராக மாட்டி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரோடு ஓட்டிக்கொண்டே மற்ற காலின் பென்சிலால் சுவரின் நெளிவை மரத்தில் வரைந்து, அந்தக் கோட்டுக்கு இழைத்தோம். ஆத்தாவின் மூன்று சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது. அதை எதையும் வைத்து அடைக்கவில்லை.

பலகைகளைப் பூட்டும்போது முதுகுப்பக்கத்தில், சட்டத்தின் விளிம்பை ஒட்டி ஒவ்வொரு பலகையிலும் கூர்ப்பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கார்த்திகையில், வடகிழக்கு மழை ஓய்ந்த ஒரு நாள் தொகுதிகளைக் கழற்றிப் பார்த்தோம். பென்சில் கோடுகள் பெரும்பாலும் சட்டத்துக்குள் போய் மறைந்திருந்தன. பலகை இரண்டு பக்கமும் ஊதியிருக்கிறது, மூட்டு எதுவும் திறக்கவில்லை. சுண்ணாம்புப் பூச்சில் தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு மெல்லிய உப்புப் பூச்சு. பிரஷ்ஷால் தட்டியதும் போய்விட்டது. கிணற்றடி மூலையில் கடப்பாக்கல்லுக்கு மேலே சுண்டு விரல் நீளத்துக்குக் கரையான் மண்கோடு ஒன்று ஏறத் தொடங்கியிருந்தது. அதை உடைத்து, அடியில் மருந்து இறக்கினோம். மரம் வரை வரவில்லை. கழற்ற முடியாத பலகையாக இருந்திருந்தால் அது மேலே வந்த பிறகுதான் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது வருஷா வருஷம் இப்படிக் கழற்றிப் பார்த்து, முன்பக்கத்துக்கு ஒரு கை மெழுகு போட்டு மாட்டுவதாக உத்தேசம்.

அடுத்த தெரு அண்ணன் ஒருவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டு முகப்புக்கும் இதே மாதிரி போட வேண்டும், ஆசாரியின் நம்பர் கொடு என்றார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முகப்புச் சுவரில் முட்டைப்பூச்சு கீழ் வரைக்கும் முழுசாக இருக்கிறது, தூணின் நிழல் அதில் விழுந்து தெரிகிறது. நம்பர் தரவில்லை. பின்கட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.